நசரத்பேட்டை குக்கர்

எங்கள் சமையலறை மேனாம்பேட்டில் இருக்கிறது. ஆனால் அதில் கேட்கும் சத்தத்தில் பாதி நசரத்பேட்டையிலிருந்து வருகிறது. அலமாரியில் புளி ஜாடியின்மேல் என் மனைவியின் செல்போன் சாய்ந்து நிற்கும். காலையில் பாலை அடுப்பில் வைத்ததும் தங்கைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைப்பாள். தங்கையும் எடுத்து, அவள் வீட்டில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கும் ஜன்னல் திட்டில் வைத்துவிடுவாள். அதற்குப் பிறகு சாயங்காலம் விளக்கு வைக்கும்வரை இரண்டு பேரும் அந்த லைனைக் கட் பண்ண மாட்டார்கள்.

அப்படி என்னதான் பேசுவார்கள் என்று கேட்டால், பேச மாட்டார்கள். பேசினால்கூடப் பொறுத்துக்கொண்டு போயிருப்பேன். இவள் இங்கே கீரை ஆய்வாள், அவள் அங்கே தையல் மெஷினை மிதிப்பாள். மணிக்கு ஒரு முறை இவள் அலமாரிப் பக்கம் திரும்பி, "கீறியா?" என்பாள், இருக்கிறாயா என்று. "கீறேன்க்கா" என்று அங்கிருந்து வரும். அவ்வளவுதான். சில மணி நேரத்துக்கு ஒரு முறை லைன் தானாக அறுந்துபோகும். உடனே யாராவது ஒருத்தி மறுபடி போடுவாள். விட்ட இடத்திலிருந்து மறுபடியும் பேசாமல் இருப்பார்கள்.

"கீறாமல் அவள் எங்கே போய்விடப் போகிறாள்? இதைக் கேட்க ஒரு போனா?" என்று ஒருநாள் கத்தினேன். புளி ஜாடிப் பக்கமிருந்துதான் பதில் வந்தது.

"உனக்கு இன்னா மாமா நோவுது? நாங்க இன்னா உன் காதையா கடிக்கிறோம்?"

மச்சினிச்சிக்கு என்னிடம் எப்போதும் வாய் அதிகம். கல்யாணமான நாளிலிருந்து என்னைக் கிண்டல் பண்ணுவதைத் தன் உரிமையாக வைத்திருக்கிறாள்.

நான் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தவரை இந்தக் கூத்து எனக்குத் தெரியாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகட்டை இடித்து உருவாக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்தேன். காலையில் கிளம்பினால் இருட்டின பிறகுதான் வீடு. இரண்டு வருடத்துக்கு முன்பு மாலை போட்டு, சால்வை போர்த்தி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் திங்கட்கிழமை நிம்மதியாகப் பேப்பரை விரித்து உட்கார்ந்தால், ஆளே இல்லாத சமையலறையிலிருந்து ஒரு தும்மல் கேட்டது. அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் மூன்று பேர் குடியிருக்கிறோம் என்று தெரிந்துகொண்டேன்.

இது எப்படி ஆரம்பித்தது என்று மனைவி பிறகு சொன்னாள். மச்சினிச்சியின் கணவர் இறந்து, கருமாதி முடிந்து, எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போன மறுநாள் காலையில் இவள் தங்கைக்குப் போன் போட்டிருக்கிறாள். சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறாள். சாப்பிட்டேன் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. வைக்கிறேன் என்று சொல்லவும் மனசு வரவில்லை. லைனைக் கட் பண்ணாமல் போனை ஓரமாகச் சாய்த்துவிட்டு இவள் பாத்திரம் தேய்த்திருக்கிறாள். அங்கே அவள் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு எழுந்து வீட்டைப் பெருக்கியிருக்கிறாள். மறுநாளும் அதேபோல். அதற்கு மறுநாளும். மூன்று வருடமாக அந்த ஒரே போன்தான் நடந்துகொண்டிருக்கிறது என்றும் சொல்லலாம்.

இதைக் கேட்டும் எனக்கு மனம் இளகவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். என் தொல்லை எனக்கு. சொந்த வீட்டில் பெண்டாட்டியோடு ஒரு சண்டை போட முடியவில்லை. ரசத்தில் உப்பு இல்லை என்று நான் குரலை உயர்த்தினால், "உப்பு கம்மி பண்ணச் சொன்னது டாக்டரு மாமா, அக்கா மேல இன்னாத்துக்குப் பாயுற?" என்று ஜாடி கேட்கும். இரண்டு வீட்டிலும் ஒரே சீரியல் ஓடும். அங்கிருந்து வரும் வசனம் ஒரு நொடி தாமதமாக வரும். அதனால் மாமியார் சொல்லும் ஒவ்வொரு கொடுமையையும் நான் இரண்டு தடவை கேட்டாக வேண்டும். ஒருநாள் "தக்காளி, வெங்காயம், உருளே" என்று வண்டிக்காரனின் ஒலிபெருக்கி கேட்டு, பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். தெருவில் ஒரு நாய் மட்டும் என்னைப் பார்த்தபடி நின்றது. வண்டி போனது நசரத்பேட்டைத் தெருவில். உள்ளே இரண்டு பெண்களும் சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டது.

அதைவிடப் பெரிய அவமானம் குக்கர். "துவரம்பருப்பு வெச்சிருக்கேன், மூணு விசில் வந்தா அணைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு மனைவி குளிக்கப் போனாள். நான் கண்ணைப் பேப்பரிலும் காதைச் சமையலறையிலும் வைத்து, கவனமாக மூன்று எண்ணி அணைத்தேன். திறந்து பார்த்தால் பருப்பு கல்லு கல்லாகக் கிடந்தது. மூன்றில் இரண்டு விசில் நசரத்பேட்டை குக்கருடையது.

"முப்பத்தோரு வருசம் மெஷின் சத்தம் கேட்ட காது மாமா அது" என்றாள் மச்சினிச்சி. சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னது போனிலேயே தெரிந்தது.

அது என்னை நேராகக் குத்தியது. ஏனென்றால் என் காதுதான் என் சோறு. பிரஸ் ஷாப்பில் நாற்பது மெஷின் ஒன்றாக இடிக்கும்போது, எந்த மெஷினில் எந்த பேரிங் போகப் போகிறது என்று நடந்து போகும்போதே சொல்லுவேன். புதிதாக வந்த இன்ஜினியர்கள் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "ஆமாம்" என்பார்கள். அப்பேர்ப்பட்ட காது இரண்டு குக்கருக்கு வித்தியாசம் தெரியாமல் மானம் போய் நின்றது. மறுநாளிலிருந்து வீம்புக்கென்றே கேட்க ஆரம்பித்தேன்.

எங்கள் குக்கர் புதுசு. சொல்லாமல் கொள்ளாமல் திடீரென்று கீச்சென்று கத்தும். அவளுடையது பழசு, மேலே போடும் வெயிட் தேய்ந்துபோனது. முதலில் உஸ் என்று இழுக்கும், ஒரு நொடி யோசிக்கும், பிறகுதான் விசில். முடிந்ததும் இரண்டு சொட்டுத் தண்ணீர் அடுப்பில் விழுந்து சுர் என்று அடங்கும். ஒரு வாரத்தில் இது எனக்கு அத்துப்படியாகிவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் காதைத் திறந்தவன் எப்படி மூடுவான்? ஒருநாள் நானே ஜாடிப் பக்கம் போய், "உன் தையல் மெஷின் பெல்ட் தளர்ந்திருக்கு, தையல் விட்டு விட்டு வருமே?" என்றேன்.

அந்தப் பக்கம் மெஷின் நின்றது. "ஆமா மாமா. உனக்கு எப்படித் தெரியும்?"

"சத்தம் வழுக்குது."

பெல்ட்டை மாற்றினாள். மெஷின் சீராக ஓடியது. அடுத்த வாரம் அவள் வீட்டு மோட்டார் போட்டதும் உறுமிக்கொண்டே சுற்றாமல் நின்றது. கெப்பாசிட்டர் போய்விட்டது, உடனே அணை என்று இங்கிருந்தே சொன்னேன். எலெக்ட்ரீசியன் வந்து பார்த்துவிட்டு, யார் இதைச் சொன்னது என்று கேட்டானாம். "மேனாம்பேட்டுல கீற எங்க மாமா, போன்ல கேட்டுச் சொன்னாரு" என்று அவள் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். எனக்கு அன்றைக்கு உப்பில்லாத ரசமும் ருசியாக இருந்தது.

அப்படியே அந்த வீடு முழுவதும் எனக்குத் தெரிந்துவிட்டது. வாசல் இரும்புக் கேட் திறக்கும்போது கிரீச் என்று ஒரு முழத்துக்கு இழுக்கும். அதற்கு எண்ணெய் போடு என்று பத்து தடவை சொல்லியும் அவள் காதில் வாங்கவில்லை. எதிரே வந்திருக்கும் புது ஃபிளாட்டுகளிலிருந்து ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வரும் பெண்களின் குரல், அளவு சொல்லும் குரல், கத்தரிக்கோல் துணியில் நடக்கும் சத்தம், வேலை நடக்கும்போது அவள் தனக்குள் முனகும் பாட்டு. வருடத்துக்கு நாலு தடவை அவள் வீட்டுக்குப் போய் காபி குடித்துவிட்டு வந்த முப்பது வருடத்தில் அவளைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரிந்ததில்லை.

செல்போன் வந்து குடும்பமே நாசமாகிவிட்டது என்று எங்கள் தெருப் பெரியவர்கள் டீக்கடையில் பேசும்போது நானும் முன்பு தலையாட்டுவேன். இப்போது ஆட்டுவதில்லை. போன் இல்லாத காலம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். என் அப்பா இறந்த அன்று நான் கம்பெனியில் ஒரு மெஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டு கிளட்ச்சைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஆபீசில் ஒரே ஒரு போன். அது பூட்டிய அறையில். மேனாம்பேட்டிலிருந்து ஆள் சைக்கிளில் வந்து, வாட்ச்மேனிடம் சொல்லி, வாட்ச்மேன் சூப்பர்வைசரிடம் சொல்லி, என்னிடம் வந்து சேர மூன்று மணி நேரம் ஆனது. அந்த மூன்று மணி நேரமும் நான் பக்கத்து ஆளோடு ஜோக்கடித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. அந்தக் காலம் பொற்காலம் என்று யாராவது என்னிடம் சொன்னால் எழுந்து போய்விடுவேன்.

இந்த வருடம் ஆரம்பத்தில் மச்சினிச்சியின் மகள் பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்தாள். அங்கே ஐ.டி. கம்பெனியில் அவளுக்கும் அவள் கணவனுக்கும் வேலை, ஸ்கூல் போகும் வயதில் ஒரு பிள்ளை. மச்சினிச்சிக்கு அவள் ஒரே பெண். அம்மா தனியாக இருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. வரும் கோடை லீவில் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவை அழைத்துக்கொண்டு போய்விடுவது என்று முடிவோடு வந்திருந்தாள். எங்கள் வீட்டுக்கும் அம்மாவோடு வந்து என்னிடம் நியாயம் கேட்டாள்.

"நீங்களே சொல்லுங்க பெரியப்பா. அந்த வீட்ல அம்மா தனியா விழுந்து கிடந்தா யாருக்குத் தெரியும்?"

எனக்கு அது நியாயமாகப் பட்டது. "போயேன், மகள் வீடுதானே, உட்கார்ந்து சாப்பிடு" என்று நானும் மச்சினிச்சியிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கிண்டல் இல்லை. அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

"அங்க போனா எனக்கு இன்னா மாமா வேலை? காலைல எல்லாம் போயிடும். சாயங்காலம் வரும். நடுவுல நான் கதவைப் பாத்துக்கினு குந்தணும். இங்க என் மெஷின் கீது. என்னைத் தேடிக்கினு நாலு பேரு வராங்க." கொஞ்சம் நிறுத்தி, "நீயும் அவ கூட சேர்ந்துகினியே" என்றாள்.

மறுநாளிலிருந்து லைனில் அவள் என்னிடம் பேசவில்லை. அக்காவுக்கு மட்டும் "கீறேன்" சொன்னாள். நான் ஏதாவது கேட்டால் மெஷினை வேகமாக மிதிப்பாள். மகள் கோடையில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். பங்குனி வந்தது. மச்சினிச்சி தைக்கப் புதுத் துணி வாங்கிக்கொள்வதைக் குறைத்துவிட்டாள் என்று மனைவி சொன்னாள். வந்தவர்களிடம், அடுத்த மாதம் இருப்பேனோ என்னவோ, வேறு இடத்தில் கொடுத்துவிடுங்கள் என்கிறாளாம். மெஷின் ஓடும் நேரம் நாளுக்கு நாள் குறைந்ததை நானே கேட்டேன்.

அந்த மாதத்தில் ஒருநாள் மனைவி வெள்ளானூரில் சொந்தக்காரப் பெண்ணின் வளைகாப்புக்குக் கிளம்பினாள். போனை மட்டும் எடுக்கவில்லை. லைன் ஓடிக்கொண்டிருந்தது.

"போனை வெச்சிட்டா போற?"

"தங்கச்சி ஒண்டியா கீது. நீங்க ஊட்லதான கீறீங்க, லைன்ல இருங்க. அந்தப் போனைத் தொடாதீங்க, போன தபா மாதிரி கட் பண்ணிடுவீங்க." போன தடவை சத்தத்தைக் குறைக்கப் போய் லைனை அறுத்துவிட்டேன். அதற்கு இரண்டு வீட்டிலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அவள் போன பிறகு நான் பேப்பரோடு சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அங்கே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. குக்கர் உஸ் என்று இழுக்க ஆரம்பித்திருந்தது. மெஷின் நின்றது. நான் வழக்கம்போல் கடிகாரத்தைப் பார்த்தேன். மெஷின் நின்றால் மணி பார்ப்பது எனக்குப் பழக்கம். கம்பெனியில் எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்கு மறுபடி ஓடியது என்று பிரேக்டவுன் ரெஜிஸ்டரில் எழுதியாக வேண்டும். ஒன்பது நாற்பது. செருப்புச் சத்தம் பின்பக்கம் போனது. ஒரு பக்கெட் உருண்டது. பாத்திரத்தைப் போட்டு உடைப்பது அவளுக்குப் புதிதில்லை. நான் விளையாட்டுப் பக்கத்தைத் திருப்பினேன்.

முதல் விசில், இரண்டு, மூன்று. மூன்றில் அவள் அணைத்துவிடுவாள். நாலாவது வந்தது. நான் பேப்பரை இறக்கினேன். ஐந்து.

"இன்னாமே, குக்கரு கத்துது" என்றேன். பதில் இல்லை. என்னோடு அவளுக்குப் பேச்சுவார்த்தை இல்லைதான். ஆனால் அடுப்போடு என்ன கோபம்?

ஆறாவது விசில் முடிந்ததும் அந்த இரண்டு சொட்டு விழவில்லை. சுர் சத்தம் வரவில்லை. உள்ளே தண்ணீர் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. எழுந்துபோய் ஜாடியின்மேல் வாயை வைக்காத குறையாகக் கத்தினேன்.

"கீறியா? ஏய், கீறியா?"

குக்கர் மட்டும் வறண்ட குரலில் இழுத்துக்கொண்டிருந்தது. அங்கே போக வேண்டுமென்றால் பூந்தமல்லி நெரிசலைத் தாண்டி ஒரு மணி நேரம் ஆகும். அவள் தெருக்காரர்கள் நம்பர் எல்லாம் இருப்பது மனைவியின் போனில். அந்தப் போன் என் கண்ணெதிரே ஜாடியில் சாய்ந்திருக்கிறது. நம்பர் தேடப் போய் விரல் தவறினால் லைன் அறுந்துவிடும். அறுந்தால் மறுபடி அங்கே எடுக்க ஆள் இல்லை. அங்கே இருக்கும் என் ஒரே காதும் போய்விடும். மனைவியைக் கூப்பிடலாம் என்றால், அவள் போன்தான் இது.

என் போனில் இதற்கு உதவக்கூடிய நம்பர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பெங்களூர்ப் பெண்ணுடையது. அவளைக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். "விழுந்து கிடந்தா யாருக்குத் தெரியும்" என்று கேட்டவள் அவள். இதோ விழுந்துவிட்டாள் என்று நானே சாட்சி சொல்வதாகிவிடும். மச்சினிச்சி அந்த வீட்டில் இருப்பது இன்றோடு முடிந்துவிடும். அதை நினைத்து ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். அந்த ஒரு நிமிடத்துக்கு இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை. பிறகு போட்டேன்.

அந்தப் பெண் பதறவில்லை. "எதிர் ஃபிளாட்ல ஒருத்தங்க வீட்லேருந்தே வேலை பாக்கறாங்க, அம்மாகிட்ட தைக்கறவங்க, நம்பர் இருக்கு, வெச்சிடுங்க" என்றாள். நான் ஒரு கையில் என் போனோடு புளி ஜாடி முன்னால் நின்றேன். சும்மா இருக்க முடியாமல் கத்திக்கொண்டே இருந்தேன். "ஆள் வராங்கமே. தோ வந்துட்டாங்க. கீறியாமே? பயப்படாதே, நான் லைன்ல கீறேன்." எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்தார். ஜாடியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்த என்னைப் பார்த்து என்ன நினைத்தாரோ.

கிரீச்.

அந்தக் கேட் சத்தத்தைப் போல ஒரு சத்தத்தை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை. ஒன்பது ஐம்பத்திரண்டு. வேகமான காலடி. அடுப்புத் திருகு டக்கென்று திரும்பியது. "அக்கா! அக்கா, என்னாச்சு?" என்று மதுரைப் பக்கத்துக் குரல் ஒன்று பின்பக்கம் ஓடியது. பிறகு எதுவும் கேட்கவில்லை. பிறகு மெதுவாக, வெகு தொலைவிலிருந்து, மச்சினிச்சியின் முனகல். நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அறுபது வயதில் தனியாகச் சமையலறையில் அழுதேன், அந்தப் பக்கம் யாருக்கும் கேட்கக்கூடாதே என்று வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு.

பின்பக்கம் துணி துவைக்கும் கல்லருகே பாசி வழுக்கி விழுந்திருக்கிறாள். கணுக்காலில் எலும்பு விரிசல் விட்டுவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. எதிர் ஃபிளாட் பெண் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். நான் வெள்ளானூரில் வளைகாப்பு வீட்டுக்காரரைப் பிடித்து மனைவிக்குச் சொல்லி, இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தபோது கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். சாயங்காலம் மகள் பெங்களூரிலிருந்து வந்து இறங்கினாள். வந்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே பேச்சே இல்ல. கட்டைப் பிரிச்சதும் கிளம்பறோம்" என்றாள்.

மச்சினிச்சி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "கல்யாண ஜாக்கெட் ரெண்டு முடிக்காம கெடக்குது" என்று மட்டும் சுவரிடம் சொன்னாள். மகள் என் பக்கம் திரும்பினாள். நான் அவள் கட்சி என்றுதான் அவள் நினைத்தாள்.

என் சட்டைப் பையில் அன்றைய பேப்பரின் ஓரம் மடித்து இருந்தது. கிளம்பும் முன்பு கிழித்து வைத்தது. கை பழக்கத்தில் எழுதியிருந்தேன்: மெஷின் நின்றது 9.40. ஆள் வந்தது 9.52. அதை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

"இன்னா பெரியப்பா இது?" என்றாள். கோபத்தில் அவளுக்கும் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

"உங்கம்மா விழுந்தா யாருக்குத் தெரியும்னு கேட்டியே, அதுக்குப் பதில். பன்னண்டு நிமிசம். உங்க ஃபிளாட்ல காலைல எட்டரைக்கு எல்லாரும் கிளம்பிடறீங்க. பிள்ளை ஸ்கூல்லேருந்து வர்றது நாலு மணி. அங்க பாத்ரூம்ல விழுந்தா எத்தனை மணி நேரம்னு நீயே எழுது."

அவள் அந்தத் துண்டை வெகு நேரம் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் எத்தனை நாளைக்குக் காதை வெச்சிட்டு உக்காந்திருப்பீங்க?" என்று கடைசியில் கேட்டாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கும் வயதாகிறது. இந்த லைன் எல்லாவற்றுக்கும் மருந்து இல்லை.

"காது கேக்கற வரைக்கும்" என்றேன்.

அப்போதுதான் மச்சினிச்சி சுவரிலிருந்து திரும்பினாள். மகளிடம் பேசவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"நீ கத்தினதெல்லாம் எனக்குக் கேட்டுச்சு மாமா. நானும் கீறேன் கீறேன்னு சொல்லிக்கினுதான் இருந்தேன். உனக்குத்தான் கேக்கல. நீ கத்திக்கினே இருந்தியா, அதான் எனக்கு பயமே வரல."

மகள் அந்தப் பேப்பர்த் துண்டைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கட்டுப் பிரிக்கும்வரை மச்சினிச்சி எங்கள் வீட்டில் இருந்தாள். ஆறு வாரம். புளி ஜாடியில் போனை வைக்க வேலையில்லாமல் போனது. மூன்று வருடம் பேசாமல் ஒற்றுமையாக இருந்த அக்காவும் தங்கையும் நாலாவது நாளே குழம்புக்கு எவ்வளவு புளி என்பதில் சண்டை போட்டார்கள். மச்சினிச்சிக்குக் கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியவில்லை. கிழியாத என் லுங்கிகளுக்கெல்லாம் கையாலேயே ஓரம் அடித்தாள். எனக்கும் வீடு என்னவோ போல் இருந்தது. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், ஆனால் அவள் சத்தம் இல்லை. அந்தத் தையல் மெஷின் ஓடினால்தான் அவள் இருக்கிறாள் என்று என் காது பழகிவிட்டது போலிருக்கிறது. ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டேன், "நீ உன் வீட்டுக்குப் போமே, இங்கே ஒரே அமைதியாகீது" என்று. முதல் தடவையாக எங்கள் வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தோம்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளை நசரத்பேட்டையில் கொண்டுபோய் விட்டோம். மகளும் வந்திருந்தாள், பெங்களூர்ப் பேச்சை அவள் மறுபடி எடுக்கவில்லை. பின்பக்கப் பாசியை நான் பிரஷ் போட்டுத் தேய்த்து, கல்லைச் சுற்றிக் கரடுமுரடாகச் சிமென்ட் பூசினேன். மகள் எதிர் ஃபிளாட் பெண்ணிடம் ஒரு சாவியைக் கொடுத்தாள். மச்சினிச்சி மெஷினில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக மிச்சத் துணியில் ஒரு பை தைத்து, போனை அதில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். இனிமேல் பின்பக்கம் போனாலும் அது கூடவே போகும்.

கிளம்பும்போது கேட் கிரீச்சிட்டது. "எண்ணெ டப்பா எடுத்துக்கினு வந்தியே மாமா, கேட்டுக்குப் போடலையா?" என்றாள்.

"போட மாட்டேன். நீயும் போடாதே" என்றேன்.

மறுநாள் எனக்குச் சீக்கிரமே விழிப்பு வந்துவிட்டது. மனைவி இன்னும் எழுந்திருக்கவில்லை. என் போனில் ஒரு செய்தி வந்து கிடந்தது. மகள் பெங்களூரிலிருந்து அனுப்பியிருந்தாள்: "பெரியப்பா, அம்மா மெஷின் ஓடுதா?" இப்போது தினமும் வருகிறது. நானும் தினமும் பதில் போடுகிறேன்.

சமையலறைக்குப் போய் மனைவியின் போனை எடுத்தேன். இத்தனை வருடத்தில் நானாக அந்த நம்பரைப் போட்டதில்லை. ஸ்பீக்கரில் வைத்து, புளி ஜாடியின்மேல் சாய்த்தேன். அங்கே இரண்டு தடவை ரிங் போனது. எடுத்தாள். அக்கா என்று நினைத்து ஒன்றும் பேசவில்லை. பாத்திரத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"கீறியா?" என்றேன்.

தண்ணீர் நின்றது. என் குரல் என்று புரிய அவளுக்கு ஒரு நொடி ஆனது.

"கீறேன் மாமா."